லயத்துக் கூரையும் அடுக்குமாடி உரிமையும்

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் அரசாங்க நில அளவையாளர் பகாங், பேராக் எல்லையிலுள்ள மலைத்தொடரை ஆய்ந்தபோது, அங்கே ஒரு மேட்டுநிலத்தைக் கண்டதாகக் குறித்து வைத்தார். அவர் பெயரைப் பெற்ற அந்நிலத்தைப் பயன்படுத்த வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற நாற்பது ஆண்டுகள் ஆயின. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்குச் சென்று வந்த பின்னரே, தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை அமைக்கும் பணி ஊக்கம் பெற்றது. 1929இல் ஜே. ஏ. ரஸல் என்னும் ஆங்கில வணிகர், இலங்கையில் தேயிலைப் பயிர் கண்டு தேர்ந்த ஏ. பி. மில்ன் என்பாரின் துணையோடு போ தோட்டத்தைத் தோற்றுவித்தார். காடு வெட்டியதும், சரிவு திருத்தியதும், கன்று நட்டதும் மனிதக் கைகளே. கோவேறு கழுதைகளும் ஒரே ஒரு நீராவி உருளையுமே அக்கைகளுக்குத் துணை நின்றன என்பர். அக்கைகளில் மிகப் பெரும்பாலானவை தமிழர்களுடையவை. 1933இல் பாரத் தோட்டம் தோன்றியது. ப்ளூ வேலி முதலிய பிற தோட்டங்களும் மலையில் இடம்பெற்றன.

தேயிலை வந்த கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அதைப் பறித்தவர்கள் எந்தக் கூரையின் கீழ் உறங்கினார்கள், அக்கூரை யாருடையதாக இருந்தது என்பது அத்துணை எழுதப்படவில்லை. இன்று பிரிஞ்சாங்கிலும் தானா ராத்தாவிலும் மலைச்சரிவை மறைத்து எழுந்துள்ள அடுக்குமாடிகளில் வீடு வாங்குகின்ற ஒரு தோட்டத் தொழிலாளியின் பேரனை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், அந்தக் கூரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

லயம் என்பது நீண்ட ஒரே கூரை. அதன் கீழ் அறைகள் வரிசையாக இருக்கும். ஓர் அறைக்கும் மறு அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. பழைய லயங்களில் அத்தடுப்பு கூரையைத் தொடுவதில்லை. ஒரு வீட்டில் குழந்தை இருமினால் நான்கு வீடுகளுக்குக் கேட்கும். ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் லயம் முழுவதும் மணக்கும். தண்ணீர்க் குழாய் பொது, கழிப்பிடம் பொது, முன்னே ஓடும் சாக்கடை பொது. மலைத்தோட்டங்களில் இவற்றோடு குளிரும் பொதுவாக இருந்தது. பலகை இடுக்கில் புகும் பனிக்காற்றுக்கு அடுத்த வீட்டு அடுப்பின் சூடும் ஓரளவு தடையாயிற்று.

இத்தனையும் பொதுவாக இருந்தும், அதில் ஒரு சாண் நிலமேனும் அங்கு வாழ்ந்தவருக்கு உரியதன்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு முதலாக, தொழிலாளர்க்கு உறைவிடமும் நீரும் மருத்துவமும் அளிப்பது தோட்டத்தின் கடமை என்று விதிக்கப்பட்டது. நல்ல விதிதான். ஆயினும் அதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். வீடு என்பது வேலையின் ஒரு பகுதியாயிற்று. பேர் வெட்டப்பட்டால் வீடும் போயிற்று. ஓய்வு பெற்றாலும் போயிற்று. நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த கிழவி, தன் மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் வேலை செய்தால்தான் அதே அறையில் கண்மூட முடியும். கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்ல வேண்டும். கிராணி துரையிடம் சொல்ல வேண்டும். துரை மனம் வைத்தால் தச்சர் வருவார். சாக்கடையைத் தோட்டமே ஆள் வைத்துத் துப்புரவு செய்தது. லயத்தைச் சுற்றிப் பார்க்க டிரஸர் வருவார். குடியிருந்தவர்க்கு உரிமை இல்லை. ஆகவே பொறுப்பும் இல்லை. இவ்விரண்டும் ஒரே கயிற்றின் இரு நுனிகள். ஒரு நுனியைத் தோட்டம் பிடித்துக்கொண்டபோது மறுநுனியும் அதன் கைக்கே போய்விட்டது.

பொதுப்பொருளைப் பேணத் தெரியாத மக்கள் என்று இவர்களைக் கருதுவார் கருத்து பிழையாகும். தோட்டத்து மாரியம்மன் கோயிலை எடுத்துக்கொள்ளலாம். சம்பள நாளில் ஆளுக்கு இவ்வளவு என்று வரி வைத்து, திருவிழாக் கணக்கை எல்லார் முன்னும் படித்து, மிச்சத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்த சமூகம் இது. இறப்பு நேர்ந்த வீட்டுக்குப் பணம் திரட்டியதும், முறை வைத்துக் கூட்டுப் பணம் எடுத்ததும் இதே சமூகம். அந்தக் கூட்டு என்னும் சொல்லே இந்நாட்டுச் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. ஏமாற்றுவோர் பெருகியதால் சட்டம் அதைத் தடுத்தது என்பது வேறு செய்தி. கணக்கும் நாணயமும் கூடிய பொது நிதியைத் தமிழ்த் தொழிலாளர் அறிந்தே இருந்தனர். கோயில் தங்களுடையது என்று எண்ணினர், அதனால் பேணினர். லயம் துரையுடையது என்று எண்ணினர், அதுவும் உண்மையே.

தொழிலாளியே உடைமையாளன் ஆகலாம் என்னும் எண்ணம் பெரிய அளவில் உருக்கொண்டது ரப்பர்த் தோட்டங்களில்தான். 1950களில் வெள்ளைக்காரர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைக் கூறு போட்டு விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று பெயர் பெற்ற அந்தக் கொடுமையால், பிறந்து வளர்ந்த லயத்தைவிட்டு மூட்டை முடிச்சோடு சாலையோரத்தில் நின்ற குடும்பங்கள் பல. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலை உங்கு அப்துல் அஜீஸ் ஆராய்ந்து அறிக்கை அளித்தார். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கொன்றை வாங்கிய பால்வெட்டுத் தொழிலாளர்கள், தாங்கள் உழைக்கும் தோட்டத்துக்கே பங்காளிகள் ஆயினர். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கம் முதலில் வாங்கியவற்றுள் ஒன்று. பல பேர் சேர்ந்து ஒரு பொருளை உடைமையாகக் கொள்வது, அவரவர் பங்குக்கேற்ப வரவும் பொறுப்பும் ஏற்பது, ஆண்டுக்கொரு முறை கூடிக் கணக்குக் கேட்பது என்னும் பாடத்தைத் தோட்டப்புறம் எழுத்து வடிவில் படித்தது அப்போதுதான்.

கேமரன் மலையில் அப்பாடம் நடக்கவில்லை. அதற்குக் காரணம் தேயிலையின் இயல்பு. ஐந்து ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவன் தானே பால் வெட்டித் தானே தகடு போட்டு விற்றுவிடலாம். தேயிலைக் கொழுந்தோ பறித்த சில மணி நேரத்துள் வாட்டலுக்குப் போயாக வேண்டும். ஆலை இல்லாத தேயிலைக் காணிக்கு மதிப்பில்லை. ஆகவே மலைத்தோட்டங்கள் பெரும்பாலும் முழுமையாகவே நின்றன, லயங்களும் நின்றன. தோட்டத்தைவிட்டு வெளியேறிக் காய்கறி பயிரிட்டோர்க்கும் நிலம் எளிதில் சொந்தமாகவில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தின் மீதே பல்லாண்டுகள் முட்டைக்கோசு விளைந்தது. அடுத்த ஆண்டு கிடைக்குமோ கிடைக்காதோ என்றிருக்கும் நிலத்தில் எவரும் கல்வீடு கட்ட நினையார்.

இவ்வாறு, மலைத்தோட்டத்துத் தமிழர் பலருக்குத் தம் பெயரில் எழுதப்பட்ட முதல் பட்டாவே அடுக்குமாடி வீட்டின் பட்டாவாக அமைந்தது. மண்ணைத் தொடாத பட்டா அது. மூன்றாம் மாடியில் நான்கு சுவர்களுக்கு இடைப்பட்ட வெளிக்கு உரிமை தருகின்ற அந்தப் பட்டாவின் பொருள் என்ன என்று அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் மிகச் சிலரே. விளைவு யாதாயிற்று என்பதற்குப் பெருந்தோட்டங்களிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு போதும். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலப் படைவீரர்கள் 1921இல் தொடங்கிய பிராங் பெசார் தோட்டமும் அதனை அடுத்த தோட்டங்களும் 1990களில் புத்ராஜெயா நகருக்காக எடுக்கப்பட்டன. சுமார் நானூறு தோட்டக் குடும்பங்கள் டிங்கில் அருகே தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. அவர்கள் கேட்டது நிலத்தோடு கூடிய வீடு, கிடைத்தது மாடி. பின்னர்ச் சுவர்களில் வெடிப்பு கண்டது. லயத்தில் இருந்தபோது கூரை ஒழுகினால் போய் நிற்க ஓர் அலுவலகம் இருந்தது. மாடியில் சுவர் வெடித்தபோது யாரிடம் போவது என்பதே முதல் கேள்வியாயிற்று. அம்மக்கள் தரைவீடு கேட்டுப் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது.

அக்கேள்விக்குச் சட்டத்தில் விடை இருந்தது. மாடிவீட்டுக்குத் தனிப்பட்டா வழங்கும் முறையை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1961இல் சட்டமாக்கிற்று. மலேசியாவில் 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தொகுப்பு அதற்கு இடம் வைத்தது. 1985ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா பட்டாச் சட்டம் அதனைத் தனிச் சட்டமாக்கிற்று. பட்டா வருவதற்கே பத்தாண்டு, பதினைந்தாண்டு பிடித்த கட்டடங்கள் உண்டு. பட்டா வராத வரை பராமரிப்பு முழுவதும் மேம்பாட்டாளர் கையில் கிடந்தது. இக்குறை நீங்க 2007இல் ஒரு சட்டம் வந்தது. அதனை அகற்றி, 2015 ஜூன் முதல் நடப்புக்கு வந்தது 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம். புதிதாக வீடு வாங்குவோர் அறிய வேண்டியவற்றுள் பெரும்பகுதி இச்சட்டத்தில் அடங்கும்.

இச்சட்டத்தின் உயிர்நாடி ஒன்றே. லயத்தில் துரை செய்த வேலை அனைத்தையும் அது உடைமையாளர்கள் தலைமேலேயே வைத்துவிட்டது. மேம்பாட்டாளர் வீட்டை ஒப்படைத்து ஓராண்டுக்குள் முதல் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். அதன்பின் கூட்டு நிர்வாக மன்றமும், பட்டாக்கள் வந்த பின்னர் நிர்வாகக் கழகமும் கட்டடத்தை நடத்தும். பட்டா கைக்கு வந்ததும் உடைமையாளர் அனைவரும் விண்ணப்பம் ஏதுமின்றிக் கழகத்தின் உறுப்பினர் ஆகின்றனர். “நிர்வாகம் கவனிக்கவில்லை” என்று மாடிப்படியில் நின்று குறைகூறுபவர், தம்மையே குறைகூறுகிறார் என்பதை அறிவதில்லை. தோட்டத்தில் நிர்வாகம் என்ற சொல் வேறு யாரையோ குறித்தது. மூன்று தலைமுறையாக நாவில் ஊறிய அந்தப் பொருள் ஒரு பட்டா வந்த மாத்திரத்தில் மாறிவிடுமா?

வீட்டின் பரப்பு, பயன் முதலியவற்றைக் கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கலகு கணக்கிடப்படும். ஒரு வீட்டுக்கு நூறு பங்கலகு, ஓர் அலகுக்கு மாதம் 2 வெள்ளி என்று கொண்டால், பராமரிப்புக் கட்டணம் 200 வெள்ளி. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 20 வெள்ளி, சேமநிதிக்குத் தனியே செலுத்தப்படும். முன்னது விளக்கெரிக்கவும், குப்பை அகற்றவும், மின்தூக்கி ஓடவும். பின்னது பத்தாண்டு கழித்துச் சாயம் பூசவும் கூரை மாற்றவும். கீழ்மாடிக்காரர் தாம் மின்தூக்கியில் ஏறுவதில்லை என்றும், மேல்மாடிக்காரர் தாம் தோட்டத்தில் உலாவுவதில்லை என்றும் சொல்லிக் கட்டணத்தில் கழிவு கேட்க இயலாது. தேர் தம் வாசல் வழியே வருவதில்லை என்று கோயில் வரியை மறுத்த தோட்டக்காரர் உண்டா? கட்டணம் கேட்டு வந்த அறிவிப்புக்குப் பதினான்கு நாளில் செலுத்தாதவர் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வரை வட்டி தர நேரிடும், வழக்கும் வரலாம், தகுந்த காரணமின்றித் தவறுவது 5,000 வெள்ளி வரை தண்டமோ மூன்றாண்டு வரை சிறையோ பெறத்தக்க குற்றமுமாகும். இவற்றினும் கூர்மையான தண்டனை ஒன்றுண்டு. கூட்டத்துக்கு ஏழாம் நாள் முன்னரும் நிலுவை வைத்திருப்பவர் அக்கூட்டத்தில் வாக்களிக்க முடியாது. கடமையைக் கைவிட்டவரிடமிருந்து உரிமை தானாகவே கழன்றுவிடுகிறது.

ஆகையால் பிறரிடமிருந்து பழைய வீட்டை வாங்குவோர், விலை பேசுமுன் அவ்வீட்டின் மீது நிலுவை உண்டா என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது அறிவுடைமை. மேம்பாட்டாளரிடம் புதுவீடு வாங்குவோர்க்கு ஒப்படைத்த நாளிலிருந்து இருபத்து நான்கு மாதம் குறைதீர்ப்புக் காலம் உண்டு. அக்காலத்தில் கண்ட வெடிப்பையும் ஒழுக்கையும் எழுதிக் கொடுத்துச் செலவின்றிச் சரிசெய்து கொள்ளலாம். வாயால் சொல்லிவிட்டு வருவது தோட்டத்துப் பழக்கம். எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வைத்திருப்பவருக்கே சட்டம் கைகொடுக்கிறது. மேல்வீட்டிலிருந்து கீழ்வீட்டுக்கூரையில் நீர் கசிந்தால், வேறாக மெய்ப்பிக்கப்படும் வரை குறை மேல்வீட்டுடையது என்றே சட்டம் கொள்ளும். புகார் கிடைத்த ஏழு நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். அது தவறினால் கட்டட ஆணையரும், 2,50,000 வெள்ளி வரை வழக்கு ஏற்கும் ஸ்ட்ராட்டா நடுவர் மன்றமும் இருக்கின்றனர்.

பொதுக்கூட்டத்துக்கு வாக்குரிமை உடையோரில் பாதிப்பேர் வர வேண்டும் என்பது விதி. அரைமணி நேரம் பொறுத்தும் வரவில்லையென்றால், வந்தவர்களே போதும் என்பதும் அதே விதியின் அடுத்த வரி. முந்நூறு வீட்டுக் கட்டடத்தின் கட்டணத்தை முப்பது பேர் முடிவு செய்வது இவ்வாறுதான். அந்த முப்பதில் தமிழர் எத்தனைபேர் என்று எண்ணிப் பார்ப்பது நன்று. செயற்குழுவுக்கு மூவர் முதல் பதினால்வர் வரை தேர்ந்தெடுக்கப்படுவர். ஆங்கிலமோ மலாயோ சரளமாக வராது என்று கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர், தம் தந்தை கோயில் செயலவையில் கணக்குப் படித்தவர் என்பதை மறந்துவிடுகிறார். தாமே வரமுடியாதவர் பதிலாளை அனுப்பலாம். ஒருவர் ஒரே ஒரு உடைமையாளருக்குத்தான் பதிலாளாக இருக்க இயலும். ஒருவரே ஐம்பது கையொப்பங்களைத் திரட்டிவந்து கூட்டத்தைக் கைப்பற்றும் பழைய தந்திரத்துக்கு அது முற்றுப்புள்ளி.

சமவெளியில் இவையெல்லாம் பணத்தைப் பற்றிய செய்திகளாகவே நின்றுவிடும். மலையில் அவ்வாறில்லை. கட்டட மனைக்குள் அடங்கிய சரிவும், அதைத் தாங்கும் மதிலும், மழைநீர் ஓடும் காலும் பொதுச்சொத்துகள். அவற்றுக்கு உரியவர் எல்லாரும். எல்லாருக்கும் உரியது எவருக்கும் உரியதில்லை என்று ஆகிவிட்டால் நிகழ்வது என்ன என்பதற்கு உலு கிள்ளானின் ஹைலண்ட் டவர்ஸ் சான்று. மூன்று பன்னிரண்டு மாடிக் கட்டடங்கள் அங்கே நின்றன. பின்புறக் குன்றில் ஓடிய சிற்றோடை குழாய்க்குள் திருப்பப்பட்டிருந்தது. மேலே காடு அழிந்தது, வடிகால் தாளவில்லை, நாள்கணக்கில் மழை பெய்தது. 1993 டிசம்பர் 11ஆம் நாள் தாங்குமதில்கள் சரிந்து, மண் அடித்தளத்தைத் தள்ள, முதற்கட்டடம் சாய்ந்தது. 48 பேர் மாண்டனர். மற்ற இரு கட்டடங்களின் உடைமையாளர்கள் வீட்டைவிட்டு வெளியேறினர். மேம்பாட்டாளர் முதலிய பலரையும் பொறுப்பாளிகளாக்கி 2000இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் நகராண்மைக் கழகம் இழப்பீட்டுக்குப் பொறுப்பன்று என்று 2006இல் கூட்டரசு நீதிமன்றம் கூறிவிட்டது. அங்குக் குன்றின் பெரும்பகுதி பிறர் நிலமாக இருந்தது. ஆகவே தம் வேலிக்குள் உள்ள மதிலைப் பேணுவதோடு, வேலிக்கு அப்பால் நடப்பதைக் கேள்வி கேட்பதும் மலைவாழ் உடைமையாளரின் வேலையாகிறது. கேமரன் மலையின் மண்ணும் மழையும் எத்தகையவை என்பதை 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்த வெள்ளம் காட்டிச் சென்றது. சேமநிதிக்கான 20 வெள்ளியை வீண்செலவு என்று நினைப்பவர், மதிலில் பொருத்திய வடிகுழாய்களில் மழை நாளில் நீர் வருகிறதா என்று ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

மலைக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. இங்குள்ள மாடிவீடுகள் பலவற்றின் உடைமையாளர் கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ சிங்கப்பூரிலோ இருப்பர். பள்ளி விடுமுறையில் வீடு நாள்வாடகைக்குப் போகும். வெள்ளி இரவு வந்து ஞாயிறு போகும் விருந்தினர் கூட்டத்தின் நடுவே, அங்கேயே வாழ்கின்ற ஓட்டுநரும் ஆசிரியரும் உறங்க வேண்டும். என் வீடு, என் விருப்பம் என்பது வாடகைக்கு விடுவோர் வாதம். மோன்ட் கியாராவின் வெர்வ் சூட்ஸ் கட்டடத்தைப் பற்றிய வழக்கில் 2020ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம், அத்தகைய நாள்வாடகையைத் தடுக்கும் துணைவிதியை நிர்வாகக் கழகம் இயற்றலாம் என்று முடிவு செய்தது. கதவுக்கு உள்ளே உள்ள உரிமைக்கும் கதவுக்கு வெளியே எல்லை உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். அத்தகைய துணைவிதிக்குக் கூட்டத்தில் போதிய வாக்கு வேண்டும். கட்டணம் கட்டிய, கூட்டத்துக்கு வந்த குடியிருப்போரிடமே அந்த வாக்கு இருக்கிறது.

பழைய லயங்கள் வெறுமையாகிவிடவில்லை. தமிழர் பலர் இறங்கிச் சென்ற தேயிலைச் சரிவுகளில் இப்போது வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் கொழுந்து பறிக்கின்றனர். தோட்டங்களின் உறைவிடத் தரத்தை வரையறுத்த 1990ஆம் ஆண்டுச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் பிற துறைத் தொழிலாளர்க்கும் விரிக்கப்பட்டது. தொழிலாளர்க்குத் தங்குமிடம் அளிக்கும் முதலாளி அதற்குத் தொழிலாளர் துறையின் சான்றிதழ் பெற வேண்டும். அறையின் அளவு, கழிப்பிடம், நீர் ஆகியவை இன்று சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. வேலை முடிந்த நாளில் அவ்வறை யாருடையது என்னும் கேள்விக்கு மட்டும், 1929இல் இருந்த விடையே அங்கு இன்னும் இருக்கிறது.